பாக்கி வைத்த மாநில அரசு... கோர்ட்டுக்கு இழுத்த வியாபாரி தரப்பு! அமெரிக்க அரசியல் சாசனத்தையே மாற்றிய வழக்கு

கடனுக்குச் சரக்கு வாங்கியவர் பணம் தராவிட்டால் என்ன செய்வோம்? நடையாய் நடப்போம். அதுவும் பலிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம். ஆனால், பாக்கி வைத்தது ஒரு மாநில அரசு என்றால்?

அமெரிக்கா பிறந்த புதிதிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

1777, சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர வியாபாரி ராபர்ட் ஃபார்குஹர், பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் படைவீரர்களுக்காகத் துணி உள்ளிட்ட சரக்குகளைக் கொடுத்தார். பில் தொகை சுமார் 1,69,613 டாலர். சரக்கு போனது; பணம் வரவில்லை. 1784-ல் ஃபார்குஹர் இறந்தும் போனார்.

அவரது உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த அலெக்சாண்டர் சிஷோம் விடவில்லை. 1792-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜார்ஜியா மீதே வழக்குப் போட்டார். தன் சம்மதம் இல்லாமல் தனிமனிதர் யாரும் தன்னைக் கூண்டில் ஏற்ற முடியாது என்ற ஜார்ஜியா, வாதாடவே வரவில்லை.

1793 பிப்ரவரி 18-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சிஷோம் பக்கம். ஒரு மாநிலத்துக்கும் வேறு மாநிலக் குடிமக்களுக்கும் இடையிலான வழக்குகளை விசாரிக்கலாம் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே என்றார்கள். மாற்றுக் கருத்து சொன்னவர், நீதிபதி ஜேம்ஸ் ஐரெடெல் மட்டும்தான்.

கொதித்துப்போனது ஜார்ஜியா. தீர்ப்பை அமல்படுத்த வருகிறவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்று அதன் கீழ்ச்சபை ஒரு மசோதாவையே நிறைவேற்றியது! நல்லவேளை, அது சட்டமாகவில்லை.

மற்ற மாநிலங்களுக்கும் உதறல். போர்க்கால பாக்கிகள் அவற்றுக்கும் இருந்தன. எல்லாக் கடன்காரர்களும் படியேறினால் கஜானா என்னாவது?

விளைவு, 11-வது சட்டத் திருத்தம். வேறு மாநிலத்தவரோ வெளிநாட்டவரோ ஒரு மாநிலத்தின் மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்றது அது. 1794-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1795 பிப்ரவரி 7-க்குள் போதுமான மாநிலங்களும் ஒப்புதல் தந்துவிட்டன. தீர்ப்பு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை! உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மாற்றுவதற்காக அமெரிக்க அரசியல் சாசனம் திருத்தப்பட்டது அதுவே முதல்முறை.

இன்றும், மாநில அரசிடம் இழப்பீடு கேட்டு ஃபெடரல் கோர்ட் படியேறும் அமெரிக்கர்களுக்கு முன்னால் முதலில் வந்து நிற்பது, ஒரு துணி பாக்கியில் பிறந்த இந்தத் திருத்தம்தான்.