கோடைப் பயிற்சி மட்டும் போதாது

மீன்வள ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கோடை விடுமுறையோடு முடிந்துவிடுகிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து வழங்கும் இரண்டு மாத உதவித்தொகை நல்ல முயற்சிதான். ஆனால், நம் கடலின் கணக்கு வேறு. கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மாணவர்களுக்கு நேரம் கிடைக்கும் நாட்களில் இறங்குதளத்துக்கு நாட்டுப்படகு மீன்தான் வரும். தடை முடிந்து, கடலில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டிய வேளையில் அவர்கள் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இது வெறும் கால அட்டவணைச் சிக்கல் அல்ல. குளிர்நாட்டு மீன்களின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் ஆண்டுக்கொரு வளையம் விழும். எண்ணினால் வயது தெரிந்துவிடும். பருவத்துக்குப் பருவம் வெப்பம் பெரிதாக மாறாத நம் கடலில், பல இனங்களுக்கு அந்த வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆகவே நீளத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஒரே இனத்தை மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் அளந்து, எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைபடம் போட்டால், ஒரே பருவத்தில் பிறந்த கூட்டம் ஒரு மேடாகத் தெரியும். அடுத்த மாதம் அந்த மேடு சற்று நகர்ந்திருக்கும். அந்த நகர்விலிருந்துதான் வளர்ச்சி வேகத்தையும், எவ்வளவு பிடித்தால் இனம் தாங்கும் என்பதையும் கணிக்கிறார்கள். நடுவில் சில மாதங்கள் விட்டுப்போனால் எந்த மேடு எங்கே போனது என்று சொல்ல முடியாது. இதற்கு வேண்டியது ஓர் அளவுப்பலகையும் தராசும், ஆண்டு முழுக்க வரக்கூடிய ஆட்களும்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடும் பக்கத்திலேயே. சிதம்பரம், கடலூர் பகுதி விலங்கியல் மாணவர்கள் வாரம் ஒரு காலை அங்கே வந்து அளக்க வழி செய்தால், அது எந்தக் கோடைப் பயிற்சியையும்விடப் பெரிய ஆய்வாகும்.

இளநிலை மாணவர் எடுத்த அளவை நம்பலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் வால் பிளவு வரைக்கும், இன்னொருவர் வால் நுனி வரைக்கும் அளந்தால் அந்தப் பதிவே வீண். எந்த வலையில் சிக்கியது என்று குறிக்காவிட்டாலும் அப்படித்தான். வலைக்கண் மாறினால் சிக்கும் மீனின் அளவும் மாறும். இருவர் தனித்தனியே ஒரே மீனை அளந்து ஒப்பிடுவது, முதல் மாத அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்ற இரண்டு வழக்கங்கள் பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிடும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் மாதிரி எடுக்கிறதே என்பது இன்னொரு ஆட்சேபம். நாட்டின் கடலோரம் முழுவதையும் மதிப்பிட வேண்டிய நிறுவனம் ஒரே கழிமுகத்தில் வாரந்தோறும் நிற்க முடியாது.

மாணவரைக் கூலியில்லாத ஆளாக்கும் அபாயம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. பயணப்படி தராமல், கட்டுரையில் பெயர் போடாமல் அளக்க மட்டும் வைப்பது சுரண்டல். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கேள்வி வேண்டும்: சாளை எந்த நீளத்தில் முதல் சினை பிடிக்கிறது, கோழித்தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் குவியலில் எந்தெந்த இனத்தின் குஞ்சுகள் கிடக்கின்றன என்பதுபோல. ஏலம் நடக்கும்போது அளவுப்பலகையோடு குறுக்கே நிற்க மீனவர்கள் விடமாட்டார்கள், விட வேண்டியதுமில்லை. அளக்க வேண்டிய கூறுகளை ஏல விலைக்கே வாங்கிக்கொள்ள ஆய்வகத்தின் ஆண்டு நிதியில் பணம் ஒதுக்க வேண்டும்.