பழைய வேனுக்குப் புதிய எஞ்சின்

அடுப்பு, மடக்குக் கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வேனைக் 'கேம்பர் வேன்' என்பர். ஓடும் வீடு என்றே சொல்லலாம். இவ்வகையில் பெயர் பெற்றது, ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் தயாரிக்கத் தொடங்கிய வேன். அதன் எஞ்சின் பின்புறத்தில் இருக்கும். நான்கு சிலிண்டர்கள் பக்கத்திற்கு இரண்டாகப் படுத்திருக்கும். அவற்றைக் குளிர்விப்பது விசிறிக் காற்றே, தண்ணீர் கிடையாது. முதல் வேனின் திறன் சுமார் 25 குதிரைத்திறன். 1970-களில் வந்த 1600 கன செ.மீ. எஞ்சினின் திறன் 50.

இவ்வேன்களை இன்றும் பேணி ஓட்டுவோரில் சிலர், பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய சுபாரு காரின் 2.2 லிட்டர் எஞ்சினைப் பொருத்துகின்றனர். அதன் திறன் ஏறத்தாழ 130 குதிரைத்திறன். அதிலும் சிலிண்டர்கள் படுத்தே இருப்பதால் உயரம் குறைந்த பின் அறையில் அடங்கிவிடுகிறது. இணைப்புத் தகடு ஒன்றின் வழியாகப் பழைய பல்சக்கரப் பெட்டியுடன் அதைப் பூட்டிவிடலாம்.

ஏன் இந்தப் பாடு? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1973-இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் மலைக் குகைவழி சுமார் 3400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு ஏறும் சாலையில், 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம் என்று கொள்வோம். சுமையோடு 2000 கிலோகிராம் எடையுள்ள வேன் அங்கே மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே 35 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் தடையும் சக்கர உராய்வும் தனி. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தியோ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவதால், 50 குதிரைத்திறன் 35 ஆகச் சுருங்குகிறது! வேன் 50 கி.மீ. வேகத்தில் தவழ, பின்னால் கனரக லாரிகள் நெருக்குகின்றன. புதிய எஞ்சின் இக்கவலையைத் தீர்த்துவிடும்.

ஆனால் "திறன் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்குமா?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிக் கைகள் உயரும். சமதளத்தில் காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் முப்படிக்கு நேர் விகிதத்தில் உள்ளது. ஆகவே அத்தடையை மட்டும் கருதினால், இரட்டைத் திறனுக்குக் கிடைப்பது 26 விழுக்காடு கூடுதல் வேகமே.

திறனோடு வெப்பமும் கூடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுவதை நாம் அறிவோம். சுபாரு எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. எனவே வேனின் முன்புறத்தில் ரேடியேட்டர் வைத்து, அடிப்பக்கமாகப் பின்புறம் வரை நீண்ட குழாய்கள் இழுக்க வேண்டும். குழாயில் காற்றுக்குமிழி தங்கினால் நீரோட்டம் தடைப்பட்டு எஞ்சின் கொதித்துவிடும். பல்சக்கரப் பெட்டியும் முன்னைவிட ஒன்றேமுக்கால் மடங்கு முறுக்குவிசையைத் தாங்கியாக வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது பிரேக்கைப் பற்றித்தான். வேகம் 80-லிருந்து 120 ஆனால், இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. வண்டியை நிறுத்தும்போது இதன் பெரும்பகுதியை வெப்பமாக ஏற்பது பிரேக்கே. குகைவழியிலிருந்து டென்வர் நகருக்கு இறங்குகையில் உயரம் ஏறத்தாழ 1750 மீட்டர் குறைகிறது. அப்போது வேன் இழக்கும் நிலையாற்றல், 30 டிகிரியிலுள்ள 117 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்றும், தாழ்ந்த கியரில் எஞ்சினும் ஏற்கும், மீதி பிரேக்குக்கு. அளவு மீறிச் சூடேறிய பிரேக், மிதித்தாலும் பிடிக்காது. 1970 ஆகஸ்டுக்கு முந்திய வேன்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு; அதன் பிறகே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. பழைய வேனில் முதலில் மாற்ற வேண்டியது எது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

பிரேசிலில் உற்பத்தியாளரே இப்படியொரு மாற்றத்தைச் செய்தார். 2005-இன் இறுதியில் காற்றுக் குளிர்ப்பு எஞ்சின் விடைபெற, தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் எஞ்சின் வந்தது. வேனின் முகத்தில் ரேடியேட்டரும் ஏறியது. ஆயினும் 2014 முதல் பூட்டுத்தடுப்பு பிரேக்கும் காற்றுப்பையும் கட்டாயம் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. அவ்விரண்டுக்கும் பழைய வேன் இடங்கொடுக்கவில்லை. 2013 டிசம்பரில் உற்பத்தி நின்றது.