கொழும்பு கேட்காது, கென்யா கேட்கும்

யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவின் மண்கும்பானுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர். கென்யாவோ கடல் தாண்டி ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர். இரண்டு இடங்களிலும் ஒரே வலுவில் ஒலிபரப்பும் சிறு நிலையங்கள் உண்டு. ஆனால் மண்கும்பான் கரையில் சிற்றலை றேடியோவோடு உட்காருபவருக்குக் கென்யா கேட்கக்கூடிய பல வேளைகளில் கொழும்பு கேட்காது.

இந்த நிலையங்களுக்குப் பெயர் பீக்கன். பாட்டில்லை, செய்தியில்லை, தன் அழைப்புப் பெயரை மோர்ஸ் குறியீட்டில் சொல்லி, சில கோடுகளை ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும். 1979-இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒற்றை நிலையமாகத் தொடங்கிய முயற்சி, இன்று 18 பீக்கன்கள் கொண்ட உலக வலையாக வளர்ந்திருக்கிறது. அதில் கொழும்பின் பெயர் 4எஸ்7பி.

14.100 மெகாஹேர்ட்ஸில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 10 விநாடி. 3 நிமிடத்தில் 18-உம் முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும். பெயரைத் தொடர்ந்து ஒவ்வொன்றும் ஒரு விநாடி நீளமான நான்கு கோடுகள்: முதலாவது 100 வாற், பிறகு 10, பிறகு 1, கடைசியில் 0.1. கைவிளக்குக் குமிழுக்கே போதாத அந்தக் கடைசி வலு, 6,800 கிலோமீற்றர் தள்ளியுள்ள தென்னாபிரிக்காவிலிருந்து வந்து காதில் விழும் நாளும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அந்த நான்காவது கோட்டில்தான்.

மோர்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரிசை மாறாது என்பதால் சரியான கடிகாரம் போதும். மணி அடித்து 1 நிமிடம் 30 விநாடியில் கொழும்பு, அடுத்த 10 விநாடியில் தென்னாபிரிக்கா, அதற்கடுத்து கென்யா.

சரி, பக்கத்துக் கொழும்பு ஏன் கேட்பதில்லை? சூரியனின் புறஊதாக் கதிர்கள் மேல்வளியில் அயனமண்டலம் என்ற மின்னேற்றப் படையை உண்டாக்குகின்றன. 14 மெகாஹேர்ட்ஸ் அலை அதில் சாய்வாகப் பட்டால் வளைந்து தூரதேசத்தில் இறங்கும். செங்குத்தாகப் பட்டால் பெரும்பாலும் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். கொழும்பிலிருந்து தீவகத்துக்கு வருவதென்றால் ஏறக்குறைய செங்குத்தாக ஏறித்தான் இறங்க வேண்டும். தரையோடு வரும் அலையோ அவ்வளவு தூரம் தாங்காது. சூரியனின் 11 ஆண்டுச் சுற்று உச்சத்தில் இருக்கும்போது, படை நன்கு செறிந்த பிற்பகல்களில் கொழும்பும் எட்டிப் பார்க்கலாம்.

மண்கும்பான் இதற்கு வாய்ப்பான ஊர். உப்புக்கடல் மின்னை நன்றாகக் கடத்துவதால், கரையோரம் நிமிர்ந்து நிற்கும் அன்ரனாவில் அடிவானத்தை ஒட்டி வரும் தூர அலைகள் நன்கு பிடிபடும். 5 மீற்றர் செப்புக் கம்பியை மரத்தில் செங்குத்தாகத் தொங்கவிட்டுத் தொடங்கலாம். றேடியோவில் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி அவசியம், அது இல்லாவிட்டால் மோர்ஸ் ஒலி எழாது. போன் சார்ஜரும் எல்.ஈ.டி. விளக்கும் இரைச்சல் போடும், அவற்றை அணைத்துவிடுங்கள். மாரியில் இடி முழங்கினால் கம்பியை உடனே கழற்றுங்கள்.

இது வெறும் விளையாட்டல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் செத்தபோது, இலங்கையின் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிற்றலை வழியே தெற்குக் கரையைக் கொழும்போடு இணைத்தார்கள். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே எட்டும் என்ற அறிவு அப்படியான வேளைகளில் உயிர் காக்கும்.

ஒலிபரப்புவதற்குத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமமும் பரீட்சையும் வேண்டும், வெறுமனே கேட்பதற்கு அல்ல. ஆகவே தீவகத்து விஞ்ஞான ஆசிரியர்கள் ஒரு மாதம் பிள்ளைகளைக் காலையும் மாலையும் கேட்கவைத்து, எந்த நாட்டிலிருந்து எத்தனை கோடு கேட்டதென்று கொப்பியில் எழுதச் சொல்லட்டும். பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் இருக்கும் அயனமண்டலத்தை அந்தப் பிள்ளைகள் தாங்களே அளந்திருப்பார்கள்.