பழைய டீசல் வண்டியில் கியர் பாக்ஸ் மாற்றம்: முதலில் கணக்கு, பிறகு ஸ்பேனர்

நல்ல டீசல் எஞ்சின், தன்னோடு வந்த கியர் பாக்ஸைவிட அதிக காலம் உழைக்கும். அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் இதற்குத் தெளிவான சான்று. 1989 மாடலில் அந்த வண்டிக்குக் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் கிடைத்தது. லாரி, விவசாய இயந்திரம், கட்டுமான இயந்திரம் ஆகியவற்றை மனத்தில் வைத்து உருவான எஞ்சின் அது. 1993இல் தொடங்கப்பட்ட டாடா கம்மின்ஸ் நிறுவனம் இதே பி வரிசை எஞ்சின்களை ஜாம்ஷெட்பூரில் தயாரித்து டாடா லாரிகளுக்குக் கொடுத்ததால், நம் ஊர் லாரி மெக்கானிக்குகளுக்கும் இது கை பழகிய எஞ்சின்தான்.

அந்தக் காலத்து ராம் வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. எஞ்சின் திடமாக இருக்கும்போதே கியர் பாக்ஸ் தேய்ந்துவிடுகிறது. "இதைக் கழற்றிவிட்டு இன்னும் வலுவான ஒன்றைப் போட்டால் என்ன?" என்ற எண்ணம் அப்போது வரும். போடலாம். ஆனால் பாக்ஸை மட்டும் மாற்றிவிட முடியாது. ஃப்ளைவீல் முதல் பின் சக்கரம் வரை உள்ள தொடர் முழுவதையும் அது தொடும். பணம் செலவழிக்கும் முன் அந்தத் தொடரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்தப் பெட்டிக்கு என்ன குறை?

1989 முதல் 1993 வரையிலான மேனுவல் கியர் டீசல் ராம் வண்டிகளில் கெட்ராக் நிறுவனத்தின் ஐந்து கியர் பாக்ஸ் இருந்தது. அதற்கு உதிரி பாகம் கிடைப்பது கடினமாகிவிட்டதால், பலர் அடுத்த தலைமுறையின் என்.வி. 4500ஐத் தேடுகிறார்கள். இது 1994 மாடலில் வந்த வார்ப்பிரும்புப் பெட்டி; எடை ஏறத்தாழ 90 கிலோ. 1999 மாடலில் ஆறு கியர் கொண்ட என்.வி. 5600 வந்தது. அதன் எடை 160 கிலோவைத் தாண்டும்.

என்.வி. 4500 வலுவானது. ஆனால் டீசல் வண்டியில் அதற்கு ஒரு பெயர்போன பலவீனம் உண்டு. ஐந்தாம் கியரின் பல்சக்கரத்தை மெயின் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை வெடித்துத் தள்ளுகிறது. அந்த அதிர்வு இடைவிடாமல் ஷாஃப்ட்டை முறுக்கித் தளர்த்த, நட்டு மெல்ல மெல்லக் கழல்கிறது. பிறகு பல்சக்கரம் ஸ்பிளைனை விட்டுப் பின்னால் நகர, ஐந்தாம் கியர் வேலை செய்யாமல் போகிறது. குறைந்த சுற்றில், ஐந்தாம் கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தி மேடேற வைப்பவரின் வண்டியில் இது விரைவில் நேரும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. முழு நீளத்துக்கும் ஸ்பிளைன் வெட்டிய மெயின் ஷாஃப்ட்டும், கழலாதபடி பூட்டிக்கொள்ளும் நட்டும் கடைகளில் விற்கின்றன. ஐந்தாம் கியர் போனது மட்டுமே உங்கள் குறை என்றால், பாக்ஸை மாற்ற வேண்டியதில்லை. இறக்கிப் பழுது பார்த்தால் போதும்.

விகிதக் கணக்கு

கியர் விகிதம் 5.61 என்றால், எஞ்சின் 5.61 சுற்று சுற்றும்போது பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். 1.00 என்றால் இரண்டும் சமம். ஒன்றுக்குக் கீழே போனால் ஓவர்டிரைவ்: எஞ்சின் மெதுவாகச் சுற்ற, வண்டி வேகமாக ஓடும்.

என்.வி. 4500: 5.61, 3.04, 1.67, 1.00, 0.75.
என்.வி. 5600: 5.63, 3.38, 2.04, 1.39, 1.00, 0.73.

முதலில் நெடுஞ்சாலை வேகத்தைப் பார்ப்போம். டயர் ஒரு முறை உருண்டால் 2.5 மீட்டர் போகும் என்றும், பின் அச்சின் கிரவுன் - பினியன் விகிதம் 3.54 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 667 முறை சுற்றும். அதை 3.54ஆல் பெருக்கினால் 2,360. நேர் கியரில் எஞ்சினின் சுற்று இதுதான். 0.75 ஓவர்டிரைவில் அது 1,770 ஆகிறது. 0.73இல் 1,720 சொச்சம்.

வித்தியாசம் 50 சுற்றுகூட இல்லை. ஆகவே, டீசல் மிச்சமாகும் என்று நம்பி ஐந்து கியரிலிருந்து ஆறு கியருக்குப் போகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அவருடைய பின் அச்சு 4.10 ஆக இருந்தால், அதே ஐந்தாம் கியரில் எஞ்சின் 2,050 சுற்று ஓடும். கிரவுன் - பினியனை 3.54க்கு மாற்றினால் 280 சுற்று குறையும். நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டி என்றால் முன் அச்சையும் கூடவே மாற்ற வேண்டும்.

அப்படியானால் ஆறாவது கியரால் என்ன பயன்? கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி சுருங்குகிறது. 1996 - 98 எஞ்சினின் உச்ச முறுக்கு விசை 1,600 சுற்றில் கிடைக்கிறது. 2,500 சுற்றில் கியரை மாற்றுவதாகக் கொள்வோம். என்.வி. 4500இல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் எஞ்சின் 1,370க்கு விழுகிறது. மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் 1,500க்கு. இரண்டுமே உச்ச விசைக்குக் கீழே. சுமையோடு மலை ஏறும்போது, மாற்றிய உடனே வண்டி திணறுவது இதனால்தான். என்.வி. 5600இல் மூன்றிலிருந்து நான்குக்கு 1,700. நான்கிலிருந்து ஐந்துக்கு 1,800. எஞ்சின் தன் பலத்துக்குள்ளேயே நிற்கிறது.

கனமான டிரெய்லரோடு மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு இந்த இடைவெளிதான் முக்கியம். காலி வண்டியில் கடைத்தெருவுக்குப் போய் வருகிறவருக்கு இதனால் பெரிய பயன் கிடையாது.

தாங்குமா?

1996 முதல் 1998 வரை மேனுவல் கியர் வண்டிகளுக்கு வந்த எஞ்சினின் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர். என்.வி. 4500இன் தாங்குதிறன் 620 அளவில் இருந்ததால் இரண்டும் பொருந்தின. 2001இல் 685 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் வந்தபோது, டாட்ஜ் அதை ஆறு கியர் பாக்ஸோடு மட்டுமே விற்றது. எரிபொருள் பம்பைத் திருகி விசையைக் கூட்டியவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். பம்பைத் தொட்டால், கிளட்ச்சும் பாக்ஸும் கணக்குக்குள் வந்துவிடுகின்றன.

எவையெல்லாம் கூட வர வேண்டும்?

எஞ்சினிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். பெல் ஹவுசிங் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டும் புதிய பாக்ஸுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டின் விட்டத்தை அளந்து, ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள்; என்.வி. 5600இலேயே 1¼ அங்குலமும் உண்டு, பிற்காலத்தில் 1⅜ அங்குலமும் உண்டு. கிளட்ச் தட்டின் நடுத்துளை அதோடு ஒத்துப்போக வேண்டும். பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

பாக்ஸின் பின்னால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கிறது. பாக்ஸின் நீளம் மாறினால் அதையும் நகர்த்த வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டவோ நீட்டவோ நேரலாம். செய்தால் கட்டாயம் பேலன்ஸ் பார்க்க வேண்டும். நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஸ்பிளைனையும் ஒப்பிடுங்கள். வேகமானிக்கான சென்சார், ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச், கியர் லீவர் வெளியே வரும் தரைத் துளை ஆகியவை சிறிய விஷயங்கள். ஆனால் இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வேலை நின்றுவிடும்.

ஆட்டோமேட்டிக் வண்டியை மேனுவலாக மாற்றுவதென்றால் பெடல்கள், கிளட்ச் ஹைட்ராலிக், ஃப்ளைவீல், வயரிங் என்று பட்டியல் இன்னும் நீளும். அதற்கு, மேனுவல் கியர் உள்ள பழைய வண்டி ஒன்றையே முழுதாக வாங்கிக் கழற்றிக்கொள்வது எளிது. எந்த பாகமும் விடுபடாது.

பொருத்தும்போது

90 கிலோ பெட்டியையோ 160 கிலோ பெட்டியையோ நெஞ்சில் தாங்கி ஏற்றக் கூடாது. டிரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகே அடியில் போங்கள்.

பெல் ஹவுசிங்கின் மையம் கிராங்க் ஷாஃப்ட்டின் மையத்தோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சிறிது விலகினாலும் பைலட் பேரிங்கும் இன்புட் பேரிங்கும் சீக்கிரம் தேயும். பாக்ஸ் முழுதாக உள்ளே போகாமல் இடைவெளி நின்றால், போல்ட்டை இறுக்கி இழுக்க வேண்டாம். ஹவுசிங்கின் காது உடையும், கிளட்ச் தட்டு வளையும். இறக்கி, தட்டை மறுபடி மையப்படுத்தி ஏற்றுவதே வழி.

கடைசியாக எண்ணெய். என்.வி. 4500க்குச் சொல்லப்பட்டது ஜி.எல்.4 தரமுள்ள 75டபிள்யூ-90 சிந்தெட்டிக். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜி.எல்.5 எண்ணெயை அதில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகம் கலந்த சேர்க்கைப் பொருட்கள் பித்தளை வகை உலோகத்தை அரிக்கக் கூடியவை. சின்க்ரோனைசரும் அதில் சரியாக வேலை செய்யாது. என்.வி. 5600க்கு அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு.

என் முடிவு

அன்றாட ஓட்டத்துக்கும் நடுத்தரச் சுமைக்கும், முழு ஸ்பிளைன் ஷாஃப்ட் போட்டுச் சீர்செய்த என்.வி. 4500 போதும். எடை குறைவு, உதிரி பாகமும் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும். கனமான டிரெய்லரை மேட்டுப் பாதைகளில் அடிக்கடி இழுப்பவர் என்.வி. 5600க்குப் போகலாம். ஆனால் 2005க்குப் பின் டாட்ஜ் அதைக் கைவிட்டுவிட்டதால், நல்ல நிலையிலுள்ள பெட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும், விலையும் கொடுக்க வேண்டும். எஞ்சின் சுற்றைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் பின் அச்சிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் வண்டி வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் கணக்கு இதேதான். டயரின் சுற்றளவு, அச்சின் விகிதம், கியர் விகிதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மேலே செய்ததுபோல் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியலிலுள்ள கடைசி பாகமும் கைக்கு வந்து சேரும்வரை பழைய பாக்ஸின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.