போஞ்சி வேரில் குடியிருப்பவர்கள்

லயத்துத் தோட்டத்தில் போஞ்சி, பயற்றங்காய் போடுகிறவர்கள் பூ வைக்கும் காலத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். சும்மா பிடுங்கினால் சரிவராது. வேரில் கடுகு, மிளகு அளவில் சிறு முடிச்சுகள் தெரியும். இதை நோய் என்று நினைத்துச் செடியையே எறிகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் முடிச்சும் உண்டுதான். அது புழுவினால் வேரே வீங்குவது, விரலால் தட்டினால் கழராது. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், லேசாகத் தொட்டாலே கழன்று வரும்.

அதற்குள்ளே றைசோபியம் போன்ற பக்டீரியாக்கள் இருக்கின்றன. காற்றில் 100க்கு 78 பங்கு நைதரசன். செடிக்கு அதை நேராக எடுக்கத் தெரியாது. செடி கொடுக்கும் இனிப்பைத் தின்றுவிட்டு, பக்டீரியா அந்த நைதரசனை உரமாக்கிக் கொடுக்கிறது. யூரியாவில் இருப்பதும் இதே நைதரசன்தான். 1888இல் ஒல்லாந்து விஞ்ஞானி மார்ட்டினஸ் பெய்யரிங்க் இந்தப் பக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

ஆனால் இவை எல்லாம் ஒரே சாதி இல்லை. சோயாவோடு சேருவது ஒரு கூட்டம். கௌபியும் பயற்றங்காயும் சொந்தக்காரப் பயிர்கள், அவற்றுக்கு வேறு கூட்டம். போஞ்சியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதோடு சேரும் வகைகள் மட்டும் ஐந்துக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். முடிச்சுப் போட வைக்கும் பரம்பரையலகுகளை ஒரு பக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கவும் செய்யும், பக்கத்துக் காம்பிராவுக்கு விதை கொடுக்கிற மாதிரி. அதனால்தான் இத்தனை வகை.

இதில் போஞ்சிக்கு ஒரு குறை. வருகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டுவிடும். அவற்றில் சில நன்றாக வேலை செய்யும், சில தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். எது எப்படி என்று அறிய முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளை, பச்சை என்றால் நடக்கவில்லை. அந்தச் சிவப்பு, கிளினிக்கில் இரத்தம் சோதித்துச் சொல்கிறார்களே ஈமோகுளோபின், அதற்கு நெருங்கிய பொருள்.

தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், இந்தப் பக்டீரியாக்களில் பலவற்றுக்குப் பிடிக்காது. றைசோபியம் ட்ரொப்பிசி என்ற வகை ஓரளவு தாங்கும். மரக்கறிப் பாத்திக்குக் கொஞ்சம் டொலமைட் போட்டால் மற்றவையும் பிழைக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துவிடும், காசும் வீண். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட கஷ்டம் மறந்திருக்காது.

சிவப்பு முடிச்சு நிறைந்த, நோயில்லாத பாத்தியின் மண்ணில் ஒரு பிடி எடுத்து, ஈரமாக விதையோடு பிசைந்து, வெயில் படாமல் உடனே நடலாம். போஞ்சி விதைக்குப் போஞ்சிப் பாத்தி மண், கௌபிக்குக் கௌபி மண். முன்பே அங்கு குடியிருக்கிற வகைகள் புதியவற்றுக்கு இடம் விடாமலும் போகலாம், எனவே முதல் போகத்திலேயே பலனை எதிர்பார்க்க வேண்டாம். போஞ்சிக்கு மாட்டெருவும் வேண்டும். கௌபி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

காய் பறித்து முடிந்ததும் வேரை மண்ணிலேயே விட்டு, தண்டை வெட்டுங்கள். வெட்டிய கொடியிலும் இலையிலும் நைதரசன் நிறைய இருக்கிறது. அதை வெளியே எறியாமல் அதே பாத்தியில் புதைத்துவிடுங்க.