போன் தொலைவதற்கு முன் எழுதி வைக்க வேண்டிய எண்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஸ்ரீசிட்டிக்கு செல்போன் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஷாவ்மி நிறுவனத்தின் முதல் இந்தியத் தயாரிப்பான ரெட்மி 2 பிரைம், 2015 ஆகஸ்டில் அங்குள்ள பாக்ஸ்கான் ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. அன்று அந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

எந்த ஆலையில் தயாரானாலும் ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. இரண்டு சிம் என்றால் இரண்டு எண்கள். டயல் செய்யும் இடத்தில் நட்சத்திரக் குறி, ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என அழுத்தினால் திரையில் வந்துவிடும். அதை அந்தப் போனிலேயே சேமித்துப் பயனில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதே நல்லது.

திருப்பதி பஸ் நிலைய நெரிசலில் போன் பறிபோனால்? முதலில் போலீஸில் புகார். உடனே அதே எண்ணுக்கு மாற்று சிம். பலர் தள்ளிப்போடுவது இதைத்தான். போனை முடக்கத் தேவையான ஓடிபி அந்த எண்ணுக்கு வர வேண்டும். புது சிம்மில் எஸ்எம்எஸ் வசதி கிடைக்க 24 மணி நேரம் ஆகும். பிறகு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எழுதி வைத்த ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து, புகார் நகலைப் பதிவேற்றி போனை முடக்கலாம். முடக்கிய போன் நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காது.

பழைய போன் வாங்கும் மாணவர்கள், ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என டைப் செய்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட் எனப் பதில் வந்தால் அந்தப் போனை வாங்கவே கூடாது.