மின்னோட்டம் கூடினால் வெள்ளித் துகள் பெரிதாகுமா?

இரண்டு சுத்த வெள்ளிக் கம்பிகள், காய்ச்சி வடித்த நீர், சில பேட்டரிகள். நீரில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களான கூழ்ம வெள்ளியைத் தயாரிக்க இவ்வளவு போதும். மின்சாரம் பாய்ந்ததும் நேர்முனைக் கம்பி அயனிகளாகக் கரையத் தொடங்கும். கரையும் எடையை ஃபாரடே விதி சொல்லிவிடும்: 1 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 மில்லிகிராம். அந்த வெள்ளி எத்தனை நானோமீட்டர் துகளாகத் திரளும் என்பது அந்தக் கணக்கில் வராது.

காவிரித் தண்ணீரையோ போர்வெல் தண்ணீரையோ ஊற்றினால் தொடக்கத்திலேயே வேலை கெடும். அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ள, நீர் வெள்ளையாகக் கலங்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் வேறு சிக்கல். முதலில் அது மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அயனிகள் சேரச் சேரக் கடத்தும் திறன் கூடும். மின்னழுத்தத்தைத் தொடாவிட்டாலும் மின்னோட்டம் தானாக ஏறும். அப்போது எதிர்முனையில் வெள்ளி கருஞ்சாம்பல் பஞ்சு போலப் படிந்து, பெரிய துணுக்குகளாக உதிரும். அதனால்தான் மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கிறார்கள், நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள், முனைகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

அப்படியானால் மின்னோட்டம் குறையக் குறையத் துகளும் சிறுக்கும் என்று சொல்லிவிடலாமா? 1994இல் ஜெர்மனியின் ரீட்ஸும் ஹெல்பிக்கும் பல்லேடியத்தில் கண்டது நேர்மாறு. மின்னோட்ட அடர்த்தியைக் கூட்டியபோது துகள் சிறுத்தது. 2000இல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் இதே வழியில் 2 முதல் 7 நானோமீட்டர் வரையிலான வெள்ளித் துகள்களைச் செய்து காட்டினார்கள். மின்னோட்டம் கூடும்போது ஒரே நேரத்தில் ஏராளமான கருக்கள் உருவாகின்றன. கிடைக்கும் உலோகத்தை அத்தனையும் பங்கிட்டுக்கொள்வதால் எதுவும் பெரிதாவதில்லை. அவர்களுடைய கரைசலில் இருந்த அம்மோனியம் வகை உப்பு ஒவ்வொரு துகளையும் உடனே போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்தது. வெறும் நீரில் அந்தக் காப்பு கிடையாது. எத்தனை துகள் பிறக்கும் என்பது மின்சாரத்தின் கையில். பிறந்தவை திரளாமல் நிற்பது கரைசலின் கையில்.

வீட்டில் ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் அயனிகளை மட்டுமே உணரும். துகளைக் காட்டிக்கொடுப்பது ஒளிதான். 10, 20 நானோமீட்டர் வெள்ளி ஊதா ஒளியை விழுங்குவதால் கரைசல் மஞ்சளாகத் தெரியும். துகள்கள் திரண்டால் சாம்பல் நிறமாகும்.

நுண்துகள்களில் ஒளி இப்படி நடந்துகொள்வதை ஆராய்ந்தவர்களில் திருச்சியோடு தொடர்புள்ளவர்களும் உண்டு. ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி. வி. ராமன், நீரில் மிதக்கும் கந்தகத் துகள்களின் நிறங்களைப் பற்றி 1921இல் எழுதினார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ஆர். எஸ். கிருஷ்ணன், பின்னர் பெங்களூரில் ராமனிடம் சேர்ந்து கூழ்மங்களின் ஒளியியலை ஆராய்ந்தார்.

1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வெள்ளி மின்முனை ஒன்றுக்கு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, அதன் பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். அதில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகளின் ராமன் ஒளி, அதாவது ராமன் பெயரால் அழைக்கப்படும், மூலக்கூறில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளி, வியக்கும் அளவுக்கு வலுவாக வந்தது. நானோ அளவிலான வெள்ளி மேடுகளே காரணம் என்பது பின்னால் தெளிவானது. இன்று கூழ்ம வெள்ளியைக் கொண்டு பூச்சிக்கொல்லி எச்சத்தைக்கூட இம்முறையில் கண்டறிகிறார்கள். துகளின் அளவு மாறினால் அந்த ஒளியின் வலுவும் மாறும்.

கூழ்ம வெள்ளியை மருந்தென்று குடிப்பவர்களும் இருக்கிறார்கள். கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையோ பயனுள்ளவையோ அல்ல என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 1999இல் அறிவித்தது. உடலில் சேரும் வெள்ளி தோலை நிரந்தரமாக நீலச் சாம்பலாக்கிவிடும். துகளை எவ்வளவு சிறிதாகச் செய்தாலும் அந்த ஆபத்து நீங்காது.